கூடம் கோணல்தான், எய்யா!

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நேத்து ராத்திரி நீ பௌலிங் ஆடிட்டு கார்ல வரும்போது ஒங்கப்பன் இந்தப் பழமொழியைத் தூக்கி ஒன் தலையில போட்டான் பாரு, எனக்கு மனசு பொறுக்கல. நீயும் அக்ரன்லேருந்து வீட்டு வாசல் வரைக்கும் "லேன் சரியில்லப்பா, லேன் சரியில்லப்பா"ன்னு ஒரே பல்லவி. எய்யா, தாத்தா ஒன் கட்சி. கூடம் கோணல்தான். அந்தப் பழமொழியைக் கட்டினவன் கூடத்துல ரசமட்டம் வச்சுப் பாத்திருக்க மாட்டான். அம்பாசமுத்திரத்துல கதவும் நிலையும் இழைச்சே காலத்தைக் கழிச்ச கை சொல்லுது, கோணாத கூடம்னு ஒண்ணை நான் கண்டதில்ல.

ஆனா குறை சொல்லுததுக்கும் ஒரு யோக்யதை வேணும்லே. "லேன் சரியில்ல"ன்னு மொட்டையாச் சொன்னா எவன் மதிப்பான்? எந்த லேன், எத்தனாவது அடியில, எந்தப் பக்கம் வாட்டம், எத்தனை நூல்? கேட்டா முழிக்க. சாக்குச் சொல்லுதவன் அளந்து சொல்லணும். அப்பத்தான் எதிராளி வாயை மூடுவான்.

வியாழக்கிழமைதோறும் ஒன் லீக் ஆட்டத்துக்கு என்னையும் இழுத்துட்டுப் போற. நான் பெஞ்சுல சாஞ்சு கெடக்கதைப் பாத்துட்டு, தாத்தா தூங்குதாருன்னு கூட்டாளிககிட்ட சொன்னியாம். தூங்கல. பாத்துக்கிட்டு இருந்தேன். பின் அடுக்குத மெஷினுக்குப் பின்னால வேலை பாக்குத மெக்கானிக்கையும் சிநேகம் பிடிச்சாச்சு. அவன் இங்கிலீஷ் எனக்குப் பாதி, என் இங்கிலீஷ் அவனுக்குக் கால். ரெண்டு பேருக்கும் பலகை தெரியும், அது போதும்.

சரி, கேளு. நீ நிக்குத ஃபவுல் கோட்டுலேருந்து தலைப்பின் வரைக்கும் 60 அடி. அகலம் 41½ அங்குலம். அந்த அகலத்துல 39 பலகை. ஒரு பலகை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. இந்த நாட்டுல இதுக்கெல்லாம் சட்டம் வச்சிருக்கவங்க யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ். 1895-ல நியூயார்க்ல தொடங்கின பழைய காங்கிரஸும் பெண்கள் சங்கமும் இன்னும் ஒண்ணு ரெண்டும் 2005-ல சேந்து ஆன சங்கம் அது. வருஷா வருஷம் ஆள் வந்து லேனை அளந்து பாத்துத்தான் சான்று குடுப்பான். குறுக்குவாக்குல வாட்டமோ, நடுவுல மேடோ, பள்ளமோ, அங்குலத்துல ஆயிரத்துல 40 பங்குக்கு மேல போகக் கூடாதுங்கது சட்டம்.

ஆயிரத்துல 40 பங்கு. நம்ம ஆசாரிக் கணக்குல அங்குலத்துக்கு எட்டு நூல். அதுல ஒரு நூலை மூணாக் கிழிச்சு ஒரு பங்கை எடுத்துக்கோ. மில்லிமீட்டர்ல ஒண்ணு. ஒரு முழத்துக்குள்ள அரை நூல் தப்பினாலே ஒங்க கொள்ளுத்தாத்தா உளியைப் பிடுங்கி வச்சுக்குவாரு. அந்த மனுசர்கூட, இரண்டே கால் முழ அகலத்துக்கு இந்தக் கணக்கைக் கேட்டா கையெடுத்துக் கும்பிட்டிருப்பாரு. ஆனா பாரு, சட்டம் "மட்டமா இருக்கணும்"னு சொல்லல. "இவ்வளவுக்குள்ள கோணிக்கோ"ன்னுதான் சொல்லுது. அப்படின்னா கோணலுக்கு அந்தச் சங்கத்தோட முத்திரையே இருக்கு. இதை ஒங்கப்பன்கிட்ட சொல்லு.

ஏன் கோணுதுன்னு கேளு. இதைச் சொல்லுததுல எனக்கு ஒரு சந்தோஷம், குறுக்க பேசாத. அந்தக் காலத்து லேன் முழுக்க மரம். ஒடுக்கமான சட்டத்தை ஓரத்துல நிமுத்தி, பக்கத்துல பக்கத்துல வச்சு ஆணி அடிச்சுக்கிட்டே போயிருக்கான். பந்து வந்து விழுகுத முன்பக்கத்துக்கும் பின் நிக்குத எடத்துக்கும் மேப்பிள், ஏன்னா அது அடி தாங்கும். நடுவுல பந்து ஓடத்தானே செய்யுது, அங்க பைன். என்ன ஒரு யோசனை! பந்துகூட மொதல்ல மரம்தான், லிக்னம் வைட்டேன்னு தண்ணியில போட்டா முங்குத மரம். 1900-களோட தொடக்கத்துல ரப்பர் பந்து வந்து அதைத் தள்ளிட்டு. ஒன் பையில மினுமினுன்னு நாலு பந்து வச்சிருக்கியே, அதுல ஒண்ணுலயாவது மரவாசனை உண்டா? சவத்த விடு.

மரம்னா ஈரத்துக்கு ஊதும், காய்ச்சலுக்குச் சுருங்கும். இங்க ஒகாயோவுல வெயில் காலத்துப் புழுக்கமும் பனிக்காலத்து ஹீட்டர் காத்தும் மாறி மாறி அடிச்சா எந்த மரம் சும்மா இருக்கும்? அப்பப்ப மேல்தோலை இழைச்சு வார்னிஷ் பூசுவாங்க. இழைக்குதவன் கை ஒரு எடத்துல அழுத்தமா, ஒரு எடத்துல லேசாப் போகும். கட்டடத்துக்குக் கீழ மண்ணு இறங்கும். 1970-கள் கடைசியிலேருந்து மரத்துக்குப் பதிலா சிந்தெடிக் தகடு வந்துட்டு. நீ ஆடுத கூடத்துல மேல தகடு, அடியில பழைய மர லேன் அப்படியே கெடக்கு. மெக்கானிக் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினான். அடியில கோணினா மேல கோணாதா? பேக்கிங் வச்சு வச்சு மட்டம் எடுத்திருக்கான். வருஷத்துக்கு வருஷம் பேக்கிங்கும் அமுங்கும்.

இப்போ ஒரு மில்லிமீட்டர் என்ன பண்ணும்? எனக்கும் சந்தேகம்தான். ஒங்கம்மா காலேஜ்ல பிசிக்ஸ் படிச்சவல்லா, அவகிட்ட கேட்டேன். குழம்பு கொதிக்குத நேரத்துல கரண்ட் பில்லுக்குப் பின்னாடி எழுதிக் காட்டினா. ஒன் கையை விட்ட பந்து பின்னைத் தொட 2.4 நொடின்னு வை. எண்ணெய் மேல வழுக்கிட்டுப் போகுத பந்தைப் பக்கவாட்டுல பிடிச்சு நிறுத்த ஆளில்ல. சட்டம் அனுமதிச்ச அந்த ஒத்த மில்லிமீட்டர் வாட்டம் 60 அடிக்கும் ஒரே பக்கமா இருந்தா, பந்து 2.7 சென்டிமீட்டர் நகந்துரும். அது சரியா ஒரு பலகை! வழுக்காம தொடக்கத்துலேருந்தே உருண்டு போனா முக்கால் பலகைக்குச் சமீபம். கல்யாணப் பந்தியில இலையில ஊத்தின ரசம் எந்தப் பக்கத்து ஆளு மடிக்கு ஓடுதோ, அந்தப் பக்கம் வாட்டம்னு ஊத்தினதுமே தெரிஞ்சுரும். ஒனக்கோ வாரம் பூரா எறிஞ்சும் தெரியல.

இன்னொண்ணும் சொன்னா. பந்தோட கனத்துக்கு இந்தக் கணக்குல சோலியே இல்லையாம். "நான் 16 பவுண்டு போடுதேன் தாத்தா, அது கோட்டை விட்டு அசையாது"ன்னு மாரைத் தட்டினியே. 16 பவுண்டும் அசையும், 10 பவுண்டும் அதே அளவு அசையும். வாட்டத்துக்கு ஆளைப் பாத்துப் பயப்படத் தெரியாது.

ஒரு பலகைதானேன்னு சிரிக்காத. வலது கைக்காரன் ஸ்ட்ரைக் அடிக்கணும்னா வலது ஓரத்துலேருந்து எண்ணி பதினேழரையாவது பலகையில, 1-ம் பின்னுக்கும் 3-ம் பின்னுக்கும் இடையில, ஒரு 6 டிகிரி சாய்வுல பந்து நுழையணும். நல்ல ஸ்ட்ரைக்ல பந்து தானாத் தொடுதது நாலே நாலு பின், 1, 3, 5, 9. மிச்ச ஆறும் ஒண்ணை ஒண்ணு தள்ளி விழுகுதது. அவ்வளவு நுணுக்கமான எடத்துல ஒரு பலகை இடப்பக்கம் போனா, பந்து தலைப்பின் நெத்தியில மோதி, பின்னைப் பிரிச்சு நிறுத்துத ஸ்பிளிட்டைக் குடுத்துட்டுப் போயிரும். வலப்பக்கம் போனா உரசிட்டுப் போகும், 10-ம் பின் நின்னு பல்லைக் காட்டும். லீக்ல நீ ஜோடி லேன்ல மாறி மாறி எறியுத. ஒண்ணு இடது வாட்டம், பக்கத்துது வலது வாட்டம்னா ஒரே கை, ஒரே பந்து, ஒரே எறி, ரெண்டு பலகை வித்தியாசம். ஒண்ணுல நீ சூரன், அடுத்ததுல கோட்டி. நேத்து அதான் நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல. நடந்திருக்கலாம்னு வச்சுக்கோ.

வாட்டம் எங்க இருக்குங்கதும் முக்கியம். கடைசி 20 அடியில மட்டும் கோணியிருந்தா பந்துக்கு நகர நேரமே இல்ல, மூணு மில்லிமீட்டர் போனா உண்டு. அதே வாட்டம் முதல் 20 அடியில இருந்தா, தொடக்கத்துலயே பந்து பாதை மாறி, மாறின பாதையிலயே கடைசி வரைக்கும் போயி, ஒண்ணரை சென்டிமீட்டர் தள்ளிரும். அஞ்சு மடங்கு! நீ என்னடான்னா பின்னுகிட்ட பந்து திரும்புத எடத்தையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்க. கள்ளன் வாசல்லயே வேலையை முடிச்சுட்டான்லே.

ஒருபக்க வாட்டம் சாது. பழகிட்டா கால் ஒரு பலகை தள்ளி வச்சு எறிஞ்சுரலாம். வில்லங்கம் பிடிச்சது நடுவுல மேடு. நடு உயந்து ரெண்டு ஓரமும் தாழ்ந்திருக்கும். அதே ஒரு மில்லிமீட்டர்தான், ஆனா பாதி அகலத்துக்குள்ள இறங்குது, அதனால சரிவு ரெண்டு மடங்கு. நீ ஸ்டைலா வலது ஓரத்துக்குத் தள்ளி, வளைச்சுக் கொண்டுவாரேன்னு எறியுதியே, அந்தப் பந்து ஓரத்துக்குப் போனதும் ஓரத்து வாய்க்காலான கட்டர் "வா மாப்ளே"ன்னு கூப்பிடும். ஹூக் ஒரு பக்கம் இழுக்கும், மரம் ஒரு பக்கம் இழுக்கும். கொஞ்சம் உள்ள எறிஞ்சுட்டியோ, பந்து நடுமேட்டைத் தாண்டி அந்தாண்டைப் பக்கம் சரிஞ்சு தலைப்பின்னோட இடது காதைத் தொடும். தப்புப் பண்ணினவனுக்கு ரெண்டு பக்கமும் அடி.

நடுவுல பள்ளம்னா நேர் மாறு. வெளிய தப்பினா மேட்டுல ஏறி உள்ள வந்துரும். உள்ள தப்பினா நடுவுலயே அடங்கிக் கெடக்கும். அந்த லேன்ல எறியுதவன்லாம் தன்னை ஜேசன் பெல்மாண்டேன்னு நெனச்சுக்குவான். ஆஸ்திரேலியாவுல ஆரஞ்சுங்கற ஊர்ல அப்பா அம்மா நடத்தின கூடத்துலயே ரெண்டு கையால உருட்டிப் பழகின பையன் அவன். போன மாசம் நீ 21-ம் லேன்ல ஒரு ஸ்கோர் அடிச்சியே, ஃபோட்டோ எடுத்து அம்பாசமுத்திரம் வரைக்கும் அனுப்பிச்சியே, அந்த லேன் பள்ளம்லே. மெக்கானிக்கே சொன்னான். நான் யார்கிட்டயும் சொல்லல.

நீ எப்பப் பாத்தாலும் "ஆயில், ஆயில்"ங்க. உண்மைதான், லேனுக்கு எண்ணெய் பூசுதாங்க. மரத்துல பந்து விழுந்து பூச்சு உரிஞ்சு போகாம இருக்க ஆரம்பிச்ச வேலை, பொறவு அதுவே ஆட்டமாயிட்டு. சாதாரணக் கூடத்துல நடுவுல கெட்டியாவும் ஓரத்துல மெலிசாவும், 40 அடி சுத்துக்குப் பூசுவான். பந்து வெளிய போனா காஞ்ச எடத்துல பிடிச்சுத் திரும்பும், உள்ள போனா எண்ணெயில வழுக்கி நேராப் போகும். மனசிரங்கி ஒனக்காகவே போட்ட எண்ணெய். நடுப்பள்ளம் மரத்தால செய்யுத அதே உபகாரத்தை இவன் எண்ணெயால செய்யுதான். அந்த எண்ணெயையே நடுமேடான லேன்ல பூசினா எண்ணெய் "திரும்பு"ங்கும், பலகை "விழு"ங்கும். ரெண்டு லேனுக்கும் ஒரே மெஷின், ஒரே எண்ணெய், ஒரே அளவு, ஆனா ஆட்டம் வேற. நீ அந்த மெஷினைத் திட்டுத.

எண்ணெய்க் கோளாறா மரக் கோளாறான்னு பிரிக்க ஒரு வழி இருக்கு. எண்ணெய் ஆட்டத்துக்கு நடுவுல மாறும். 1990-கள் தொடக்கத்துல ரியாக்டிவ் ரெசின் பந்து வந்தபொறவு அது எண்ணெயைக் குடிச்சுக்கிட்டே போகுது, மூணாவது கேம்ல லேனே வேற. பலகை ஒரு ராத்திரியில மாறாது. போன வியாழனும் இந்த வியாழனும் முதல் பந்துலேருந்தே ஒரு லேன் ஒரே பக்கம் தள்ளுதுன்னா அது மரம். மூணாவது கேம்ல தொடங்கின சீக்குன்னா எண்ணெய். எல்லா லேன்லயும், எல்லா கேம்லயும், எல்லாப் பக்கமும் போகுதுன்னா அதுக்கு நான் பேர் சொல்லணுமா?

இடது கைக்காரங்க கதை தெரியுமா? பழைய மர லேன்ல பத்தாம் பலகைப் பக்கம், ரெண்டாவது அம்புக்குறியை ஒட்டி, வலது கைக்காரங்க பந்தெல்லாம் ஒரே தடத்துல ஓடி ஓடி அந்த எடமே தேஞ்சுரும். இடது பக்கம் எறியுதவன் நூத்துல கொஞ்சம் பேர், அவங்க பக்கம் புதுசாவே கெடக்கும். 1975-ல ஒரே சீசன்ல ஒரு லட்சம் டாலர் சம்பாதிச்ச முதல் ஆளு ஏர்ல் ஆன்டனி. இடது கைக்காரன். "அவனுக்கென்ன, அவன் பக்கத்து லேன் தேயல"ன்னு அந்தக் காலத்துல வலது கைக்காரங்க முணுமுணுத்திருக்காங்க. உண்மையும் இருக்கத்தான் செய்யுது. ஆனா ஊர்ல இருந்த மத்த இடது கைக்காரனுக்கெல்லாம் அதே தேயாத பக்கம்தான கிடைச்சுது? அவனுகளுக்கு ஏன் லட்சம் வரல? இதையும் வச்சுக்கோ, ஒங்கப்பன் இதை எடுத்து ஒன்மேல வீசுததுக்கு முன்னால.

வாட்டம் கண்டுபிடிக்க வசதி படைச்சவன் வழி ஒண்ணு இருக்கு. ஃப்ளோரிடாவுல கெகல்னு ஒரு கம்பெனி, லேன்மேப்பர்னு கருவி செய்யுதான். லேன் நெடுக ஓட்டினா மேடு பள்ளத்தைப் படமாப் போட்டுக் குடுத்துரும். ஒனக்கு அதை யாரும் தர மாட்டான். தாத்தா வழி துட்டு இல்லாத வழி. சனிக்கிழமை மத்தியானம் போ. பிறந்தநாள் பார்ட்டிக்குப் பிள்ளைகள் வரும். கட்டர்ல விழாம ரெண்டு பக்கமும் தடுப்பைத் தூக்கி, இரும்புச் சரிவுல பந்தை வச்சு உருட்டி விடும்கள். அந்தப் பந்து ஹூக்கும் தெரியாது, கர்வமும் தெரியாது. பின்னைத் தொட ஏழெட்டு நொடி எடுக்கும். நேரம் மூணு மடங்கானா நகர்வு ஒன்பது மடங்குன்னா ஒங்கம்மா. சட்ட எல்லை வாட்டத்துல அது ஆறேழு பலகை நகரும்! நீ வேகமா எறியுததுல ஒளிஞ்சு கெடக்குத கோணலை, ஆறு வயசுப் பிள்ளை போட்டுக் காட்டிரும். சரிவை நேரா வச்சிருக்கதா பாத்துக்கிட்டு, எந்தப் பக்கத்துத் தடுப்புல பந்து அதிகம் முட்டுதுன்னு எண்ணு. நான் பெஞ்சுல உக்காந்து கேக் தின்னுக்கிட்டே பாதிக் கூடத்தை எழுதியாச்சு. 9 வலது வாட்டம். 10 இடது, லேசா. 14 மேடு, அங்க ஓரத்துக்குப் போகாத. நோட்டை ஒனக்குத் தாரேன், சும்மா இல்ல, ஞாயித்துக்கிழமை என்னை மீன் கடைக்குக் கூட்டிட்டுப் போகணும்.

இப்போ சாக்குச் சொல்லுத முறை. மொதல்ல கணக்கு. லேன் ஒனக்குக் கடன்பட்டது ஒரு பலகை. மேடுன்னா ரெண்டுன்னே வச்சுக்கோ, தாத்தா தாராளமாத்தான் தாரேன். அதுக்கு மேல ஒரு பலகைகூட நீ லேன் பேர்ல எழுதக் கூடாது. ஏன்னா ஒன் மணிக்கட்டு ஒரு டிகிரி திரும்பினா 60 அடியில பந்து கிட்டத்தட்ட 12 பலகை தள்ளிப் போகும். கால் டிகிரிக்கே மூணு பலகை. நேத்து அஞ்சாவது ஃப்ரேம்ல ஒன் பந்து வலது கட்டர்ல போயி விழுந்துச்சே, பதினேழரைக்கும் கட்டருக்கும் எவ்வளவு தூரம்னு எண்ணிப் பாரு. அதுல ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு பலகை லேனுக்கு. மிச்சத்தை நீ வீட்டுக்கு எடுத்துட்டு வரணும். கார்ல எடம் பத்தாமத்தான் ஒங்கப்பன் பழமொழி சொன்னான்.

ரெண்டாவது, விழுந்த உடனே லேனை முறைக்காத. இடுப்புல கை வச்சுக்கிட்டு குனிஞ்சு பலகையைப் பாக்கியே, அங்க ஒரு மில்லிமீட்டரை நீ கண்ணால கண்டுருவியோ? நான் கண்ணாடி போட்டும் காண முடியல. கம்முனு திரும்பி வந்து உக்காரு. அடுத்த பந்தையும் அதே எடத்துல நின்னு அதே மாதிரி எறி. ரெண்டும் ஒரே எடத்துல தப்பினா அப்புறம் வாயைத் திற. "ஒன்பதாம் லேன் வலது வாட்டம், காலையும் குறியையும் ஒரு பலகை இடப்பக்கம் வைக்குதேன்"னு சொல்லு. ஒன் கூட்டாளிக மூஞ்சி அப்போ எப்படி மாறுதுன்னு பாரு. சிரிச்சா நோட்டைக் காட்டு. ரெண்டும் வேற வேற எடத்துல தப்பினா வாயைத் திறக்காத, தண்ணி குடி.

கடைசியா அந்தப் பத்தாம் பின். ஸ்ட்ரைக் பந்தையே வளைச்சு வளைச்சு அதுமேலயும் எறியுத. மூலையில நிக்குத ஒத்தப் பின்னுக்கு எதுக்குலே எண்ணெயையும் வாட்டத்தையும் துணைக்குக் கூப்பிடுத? வளையாத பிளாஸ்டிக் பந்தை எடுத்து, குறுக்கால, நேரா, வேகமா விடு. 2.4 நொடியை 2 நொடி ஆக்கினா வாட்டம் தள்ளுதது மூணுல ரெண்டு பங்காக் கொறஞ்சுரும். கூடத்து ரேக்ல கெடக்குதே, கீறலும் அழுக்குமா, அதுதான் பிளாஸ்டிக் பந்து, வாடகை கூட கிடையாது. நாலு பந்து பையோட வாரவன் அதை எப்படித் தொடுததுன்னு வெக்கமா இருந்தா, எங்க தாத்தா ஆடப் போறாருன்னு சொல்லி எடுத்துட்டு வா. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஷூ சைஸ் கேப்பான், எட்டுன்னு சொல்லிரு.